16 பேர் லீக்கில் ஏலம்: 200 டாலரை எங்கே போடுவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: ஆபீஸ் நண்பர்களோடு ஆடும் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக் (நிஜ அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்குப் புள்ளி எண்ணும் விளையாட்டு) இந்த வருஷம் 12 பேரிலிருந்து 16 பேராகிறது. முறை வைத்து ஒவ்வொருவராக ஆளெடுக்கும் ஸ்நேக் டிராஃப்டை விட்டுவிட்டு முதல் தடவையாக ஏலத்துக்குப் போகிறீர்கள். ஏலத்துக்கு ஆளுக்கு 200 டாலர் கற்பனைப் பணம், 15 இடம், ஹாஃப் பிபிஆர் (ஒரு கேட்சுக்கு அரைப் புள்ளி). இரண்டு மூன்று பெரிய ஸ்டார்களை வாங்கிவிட்டு மிச்ச இடத்தை ஒரு டாலர் ஆட்களால் நிரப்பலாமா, பணத்தைப் பரவலாகப் போடலாமா? இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏலத்தில் எப்படி ஆடுவது என்பது ஒன்று. 12 பேர் 16 பேரானால் விலைகள் எப்படி மாறும் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதைத் தொட முடியாது. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையோ பெரும்பாலும் 10 அல்லது 12 பேர் லீக்கை மனதில் வைத்து எழுதியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பெரிய லீக்குக்குப் போகிறவர்கள்தான் ஏலத்தில் அதிகம் அடிபடுகிறார்கள்.

நான் 14, 16 பேர் லீக்குகளில் பல வருஷமாக ஆடி வருகிறேன், சிலவற்றில் கமிஷனராக, அதாவது லீக்கின் பொறுப்பாளராக இருந்து ஏலத்தை நடத்தியும் இருக்கிறேன். கீழே சொல்வதில் ஒரு பகுதி வெறும் கணக்கு, அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஒரு பகுதி பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இன்னொரு பகுதி என் அபிப்பிராயம் மட்டுமே. எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு தகவல்: இப்போது இஎஸ்பிஎன், யாஹூ தளங்களில் இதை ஏலம் என்று சொல்லாமல் ‘சாலரி கேப் டிராஃப்ட்’ என்கிறார்கள். லீக் அமைக்கும்போது அந்தப் பெயரில் தேடுங்கள்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். 16 பேர், ஆளுக்கு 200 என்றால் மொத்தம் 3200 டாலர். வாங்க வேண்டியது 240 பேர். ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு டாலர் கொடுத்தாக வேண்டும் என்பதால் 240 டாலர் அதற்கே போய்விடும். மிச்சம் 2960 டாலர்தான் உண்மையில் போட்டி போடும் பணம். 12 பேர் லீக்கில் இதே கணக்கு 2220. அதாவது பணம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் அணிகள் 32தான், முதல் ரன்னிங் பேக்காக (பந்தை வாங்கி ஓடுகிறவர்) இறங்குகிறவர்கள் 32 பேர்தான். உங்கள் லீக்கில் ஆளுக்கு இரண்டு ரன்னிங் பேக் கட்டாயம் என்பதால், 16 பேர் சேர்ந்து அந்த 32 பேரையும் காலி செய்துவிடுகிறீர்கள். ஃப்ளெக்ஸ் இடத்துக்கு (ரன்னிங் பேக், பந்தைப் பிடிக்கும் ரிசீவர் அல்லது டைட் எண்ட், யாரையும் இறக்கலாம்) ஆள் தேடும்போதே இரண்டாம் நிலை ஆட்டக்காரர்களிடம் போயாக வேண்டும். 12 பேர் லீக்கில் வெய்வரில், அதாவது எந்த அணியும் எடுக்காதவர்களின் பட்டியலில், யாரும் சீண்டாமல் கிடக்கும் ஆள், இங்கே உங்கள் அணியில் இறங்கும் பத்துப் பேரில் ஒருவர் மாதிரி.

இதை வைத்து நிறையப் பேர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: பணம் கூடுகிறது, ஸ்டார்கள் கூடவில்லை, ஆகவே ஸ்டார்களின் விலைதான் எகிறும் என்று. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் தப்பு. ஏன் என்று பார்க்க, ரன்னிங் பேக்குகளை மட்டும் எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். இந்தப் புள்ளிகள் நானே விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, எந்த சீசனுடையதும் அல்ல. ஒரு சீசனில் முதல் ரன்னிங் பேக் 300 புள்ளி எடுக்கிறார், 10ஆவது ஆள் 220, 20ஆவது ஆள் 170, 28ஆவது ஆள் 142, 30ஆவது ஆள் 135, 40ஆவது ஆள் 105 என்று வைப்போம். ஒரு ஆட்டக்காரருக்கு நாம் கொடுக்கும் விலை அவருடைய மொத்தப் புள்ளிக்கு அல்ல. சும்மா கிடைக்கும் ஆளைவிட அவர் எவ்வளவு கூடுதலாகத் தருகிறார் என்பதற்குத்தான். இந்த முறையைப் பரப்பியவர் ஃபேன்டஸி எழுத்தாளர் ஜோ பிரையன்ட், இன்று பெரும்பாலான விலைப் பட்டியலுக்கும் அடியில் இருப்பது இதுதான். 12 பேர் லீக்கில் இரண்டு ரன்னிங் பேக்கும் ஃப்ளெக்ஸில் பாதியும் சேர்த்தால் 30 பேர் வேண்டும், ஆகவே சும்மா கிடைப்பவர் ஏறக்குறைய 30ஆவது ஆள், 135 புள்ளி. 16 பேர் லீக்கில் அது 40ஆவது ஆள், 105 புள்ளி.

இப்போது கழித்துப் பாருங்கள். முதல் ரன்னிங் பேக்கின் கூடுதல் 165இலிருந்து 195 ஆகிறது, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு ஏற்றம். 20ஆவது ஆளின் கூடுதல் 35இலிருந்து 65, ஏறக்குறைய இரட்டிப்பு. 28ஆவது ஆளுக்கு 7இலிருந்து 37, ஐந்து மடங்கு. பணம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, வாங்க வேண்டிய கூடுதல் புள்ளிகளோ மொத்தத்தில் பாதிக்கு மேல் கூடிவிட்டன. ஆகவே ஒரு புள்ளிக்கான விலை இறங்குகிறது. லீக்கின் போட்டிப் பணத்தில் 40 சதவீதம் ரன்னிங் பேக்குகளுக்குப் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் ஆளின் விலை 75இலிருந்து 77 டாலர் ஆகிறது, அவ்வளவுதான். 10ஆவது ஆள் 39இலிருந்து 46. 20ஆவது ஆள் 17இலிருந்து 26. 28ஆவது ஆள் 4 டாலரிலிருந்து 15 டாலர். பெஞ்சுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கினால் எல்லா எண்ணும் சற்று இறங்கும், ஆனால் வடிவம் மாறாது. உங்கள் புள்ளிக் கணிப்புகளைப் போட்டு நீங்களே ஒரு ஷீட்டில் செய்து பாருங்கள், அரைமணி நேர வேலை. முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் பெரிய பள்ளம் இருக்கிற வருஷத்தில் ஸ்டாரின் விலை இன்னும் கொஞ்சம் ஏறும். ஆனால் சதவீதத்தில் பெரிய ஏற்றம் எப்போதும் நடுவில்தான்.

இதுதான் என் பதிலின் அச்சாணி. பெரிய லீக்கில் விலை மாறுவது நடுத்தரத்தில். உங்களோடு ஏலத்தில் உட்காரும் 15 பேரில் பாதிப் பேராவது தளம் காட்டும் சராசரி விலையைத் திரையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். அந்தச் சராசரி பெரும்பாலும் 10, 12 பேர் லீக்குகளிலிருந்து வருவது. அதில் 4 டாலர் என்று போட்டிருக்கும் ரன்னிங் பேக்கை அவர்கள் 6, 7 வரை கேட்பார்கள், 8 வந்ததும் ‘இவனுக்கு இவ்வளவா’ என்று கையை எடுத்துவிடுவார்கள். நீங்கள் 9க்கு வாங்கினால் 15 டாலர் சரக்கு 9க்கு வந்த மாதிரி. இப்படி நாலைந்து பேரை வாங்கினால் லீக்கில் பாதிப் பேரைவிட நீங்கள் 25, 30 டாலர் முன்னால் போய்விடுகிறீர்கள். ஏலத்தில் இதைவிட நிச்சயமான லாபம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த ஜன்னல் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது வேறு விஷயம். 240 பேரை ஏலம் விட, ஆளுக்கு 45 நொடி என்றால் மூன்று மணி நேரம். நான் பார்த்த வரையில் முதல் மணி நேரம் ஸ்டார்களுக்குப் போகும், எல்லாரும் தாராளமாக இருப்பார்கள். அடுத்து ஒரு அரைமணி, முக்கால் மணி அறை அடங்கிவிடும். பெரிய செலவு செய்தவர்கள் மிச்சத்தைப் பொத்தி வைத்திருப்பார்கள், செய்யாதவர்கள் இன்னும் விலை இறங்கும் என்று காத்திருப்பார்கள். அந்த அமைதியில்தான் நடுத்தரம் மலிவாகப் போகும். அப்புறம் யாராவது ஒருவர் பட்டியலைப் பார்த்து, ஒழுங்காக ஆடும் ரன்னிங் பேக் இன்னும் ஆறு பேர்தான் என்று கண்டுபிடிப்பார். அந்த ஆறில் கடைசி மூன்று பேர் அவர்களுக்கு மேலே இருந்தவர்களைவிட அதிக விலைக்குப் போவதைப் பார்ப்பீர்கள். காத்திருப்பது நல்லது, கடைசி வரை காத்திருப்பது கெட்டது. இது அனுபவத்தில் சொல்வது, எல்லா அறையும் இந்தக் கால அட்டவணைப்படி நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 12 பேர் லீக்கில் இரண்டு ஸ்டாரை வாங்கிவிட்டு மற்றதை ஒரு டாலரில் நிரப்புவது நல்ல யோசனைதான். ஏனென்றால் அங்கே ஒரு டாலர் ஆளே ஓரளவு புள்ளி தருவார், சரிப்படவில்லை என்றால் வெய்வரில் வேறு ஆள் கிடைப்பார். 16 பேர் லீக்கில் அந்த இரண்டும் இல்லை. மேலே போட்ட கணக்கில் ஒரு டாலர் ஆள் 135இலிருந்து 105க்கு விழுந்துவிட்டார், இன்னும் கீழேயும் போகலாம். பதினாறு வாரத்துக்கு மேல் அந்த ஓட்டை உங்கள் அணியில் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு ஸ்டார், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. 50 டாலருக்கு மேல் ஒருவரை மட்டும் வாங்குங்கள், மற்றபடி 12க்கும் 35க்கும் நடுவில் அஞ்சு ஆறு பேரைச் சேருங்கள். அந்த ஒரு ஸ்டாரும் நியாய விலைக்கு வராவிட்டால் ஸ்டாரே இல்லாமலும் ஆடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் அமைப்பில் ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங் பேக், மூன்று ரிசீவர், ஒரு டைட் எண்ட், ஒரு ஃப்ளெக்ஸ், கிக்கர், டிஃபென்ஸ் (ஒரு அணியின் தடுப்பாட்டம் முழுவதும்), ஐந்து பெஞ்ச் என்று சொன்னீர்கள். நான் போனால் ரன்னிங் பேக் இருவருக்கும் சேர்த்து 68, ரிசீவர் மூவருக்கு 78, ஃப்ளெக்ஸுக்கு 18, குவாட்டர்பேக்குக்கு 8, டைட் எண்டுக்கு 7, கிக்கருக்கும் டிஃபென்ஸுக்கும் தலா 1, பெஞ்சுக்கு 19 என்று எழுதிக்கொண்டு போவேன். மொத்தம் 200. இதில் ஒரு இடத்தில் மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் உடனே இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். ஏலம் முடிந்த பிறகு கையில் நிற்கும் டாலருக்கு மதிப்பே கிடையாது.

ஆனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் மூடிய பாத்திரத்தில் இருக்கிறது, ஒரு பக்கம் அதிகம் போனால் இன்னொரு பக்கம் குறைந்தே தீரும். உங்கள் அறையில் எல்லாரும் விவரமானவர்களாக இருந்து நடுத்தரத்தை முதலிலிருந்தே 15, 20 என்று ஏற்றினால், ஸ்டார்கள் 77க்குப் பதில் 62க்குக் கிடைப்பார்கள். அப்போது இரண்டு ஸ்டாரை எடுப்பதுதான் சரி. எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முதல் 20 ஆட்கள் போவதற்குள் தெரிந்துவிடும். உங்கள் ஷீட்டில் அந்த 20 பேருக்கு நீங்கள் போட்ட விலையைக் கூட்டுங்கள், உண்மையில் போன விலையையும் கூட்டுங்கள். உண்மை விலை 60 டாலர் அதிகம் என்றால், மிச்சமிருக்கும் ஆட்களுக்கு அறையில் 60 டாலர் குறைவு. திட்டத்தோடு போங்கள், ஆனால் ஷீட்டில் இந்த ஒரு கூட்டலை மட்டும் ஓட விட்டுக்கொண்டே இருங்கள்.

குவாட்டர்பேக் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். 16 பேர் லீக்கில் ஆளுக்கு ஒருவர் இறங்கினாலும் 16 பேர் மிச்சம். ஆனால் எல்லாரும் பெஞ்சில் ஒருவரை வைத்தால் 32உம் தீர்ந்துவிடும், பை வாரத்தில் (உங்கள் ஆளின் அணிக்கு ஆட்டம் இல்லாத வாரம்) உங்களுக்கு ஆளே இருக்க மாட்டார். ஆகவே 8 டாலருக்கு நடுத்தர ஆள் ஒருவர், கடைசியில் ஒன்றிரண்டு டாலருக்கு இன்னொருவர், இருவருக்கும் பை வாரம் வேறாக இருக்கட்டும். நான் பை வாரத்தைப் பார்ப்பது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். ஜாஷ் ஆலன் மாதிரி ஓடவும் செய்கிற குவாட்டர்பேக்குக்குப் பெரிய பணம் கொடுப்பது தவறில்லை, ஆனால் அந்தப் பணம் நடுத்தர ரிசீவர் இருவரின் பணம் என்று நினைத்துக்கொண்டு கொடுங்கள். உங்கள் கமிஷனர் இரண்டு குவாட்டர்பேக் இறக்கலாம் என்ற விதியைக் கொண்டுவருவதாகப் பேச்சிருந்தால் 16 பேரில் அது வேண்டாம் என்று சொல்லுங்கள். தேவையும் 32, இருப்பும் 32 என்றால் ஒரு காயம் பட்டாலே ஒருவர் சீசன் முடிந்துவிடும். டைட் எண்டில் மேலே இருக்கும் மூன்று நாலு பேரை விட்டால் அப்புறம் வருகிறவர்களுக்குள் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று மேலே உள்ளவருக்கு முழு விலை கொடுங்கள், இல்லாவிட்டால் மலிவாக முடியுங்கள். நடுவில் 14, 15 டாலர் போடுவதுதான் வீண். கிக்கர், டிஃபென்ஸ் ஒரு டாலர், பேச்சு முடிந்தது.

ஏலத்தில் ஆள் கூடினால் இன்னொரு ஆபத்தும் கூடுகிறது, இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு ஆட்டக்காரரின் மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆளுக்கொரு கணிப்பு வைத்திருப்போம். 16 கணிப்புகளில் மிக அதிகமானதை வைத்திருப்பவர்தான் ஜெயிக்கிறார், அவர் கொடுக்கும் விலையை நிர்ணயிப்பது இரண்டாவது அதிகமான கணிப்பு. எட்டுப் பேரில் இரண்டாவது அதிகம் என்பதைவிட 16 பேரில் இரண்டாவது அதிகம் என்பது உண்மையிலிருந்து மேலே தள்ளித்தான் இருக்கும். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகள் கடலடி நிலத்தை ஏலத்தில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது இப்படித்தான் என்று 1971இல் மூன்று பெட்ரோலியப் பொறியாளர்கள் விளக்கினார்கள், பொருளாதாரத்தில் இது இன்று பாடம். கணிப்பு எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து அதிகம். முதல் வருஷ ஆட்டக்காரர், காயத்திலிருந்து திரும்புகிறவர், புது அணிக்கு மாறியவர் என்றால் 16 பேரில் யாராவது ஒருவர் கண்மூடித்தனமாக நம்புவார். அவர் எடுத்துக்கொண்டு போகட்டும். இவர்களுக்கு ஷீட்டில் உள்ள விலையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது என் வழக்கம். அந்தப் பத்தில் ஒரு பங்கு என் கைக்கணக்குதான், அதற்குப் பின்னால் ஆராய்ச்சி எதுவும் இல்லை. இன்னொன்று, நீங்கள் டல்லஸில் இருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் ஊர் அணியான கௌபாய்ஸ் ஆட்டக்காரர் யாரையும் உங்கள் அறையில் நியாய விலைக்கு எதிர்பார்க்காதீர்கள்.

ஏலத்தின் நடுப்பகுதியில் கண் வைக்க வேண்டியது ஆட்டக்காரர்கள் மேல் அல்ல, எதிராளிகளின் பணத்தின் மேல். ஒருவர் அதிகபட்சம் கேட்கக்கூடிய தொகை எப்போதும் ஒரு எளிய கழித்தல். கையில் இருக்கும் பணத்திலிருந்து, காலி இடங்களில் ஒன்றைக் குறைத்து மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கழிக்க வேண்டும். 150 செலவழித்து ஐந்து பேரை வாங்கியவரிடம் 50 டாலரும் 10 காலி இடமும் இருக்கின்றன, அவர் 41க்கு மேல் போக முடியாது. தளங்கள் இதைத் திரையிலேயே காட்டும். இப்போது ஒரு நிலைமையைப் பாருங்கள். ஒரே தரத்தில் ஐந்து ரன்னிங் பேக்குகள் மிச்சம். இரண்டாவது ரன்னிங் பேக் இன்னும் வாங்காமல், 25 டாலருக்கு மேல் கேட்கும் சக்தியோடு உங்களையும் சேர்த்து ஏழு பேர் இருக்கிறார்கள். அப்படியானால் ஐவரில் முதலாமவரையோ இரண்டாமவரையோ வாங்கிவிட வேண்டும். கடைசி இருவர் வரும்போது ஏழு பேரில் மிச்சமிருப்பவர்கள் பதறிப்போய்க் கேட்பார்கள். அதே ஐந்து ரன்னிங் பேக்குக்கு மூன்று பேர்தான் போட்டி என்றால் அவசரமே இல்லை, கடைசி ஆளை அடிமாட்டு விலைக்கு எடுக்கலாம். இந்த ஒரு எண்ணிக்கையை ஏலம் முழுக்கச் செய்கிறவர்கள் 16 பேரில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

ஆட்டக்காரர் பெயரை ஏலத்துக்கு முன்மொழியும் வாய்ப்பும் பெரிய லீக்கில் சுருங்குகிறது. மொத்தம் 240 பேரில் நீங்கள் முன்மொழிவது சராசரியாக 15 பேரைத்தான். முதல் சில சுற்றில், உங்களுக்கு வேண்டாத விலை உயர்ந்த ஆளைச் சொல்லுங்கள். பெரிய குவாட்டர்பேக், பெரிய டைட் எண்ட், போன வருஷம் எதிர்பாராமல் டச் டவுன் குவித்த ரிசீவர், இப்படி. அறையின் பணம் உங்களுக்குத் தேவையில்லாத இடத்தில் கரையட்டும். நடுவில், உங்களுக்குப் பிடித்த ஆளும் அவருக்கு ஈடான இன்னொருவரும் பட்டியலில் இருக்கும்போதே அந்த இன்னொருவரை முன்மொழியுங்கள். விலை குறைந்தால் அவரையே எடுத்துக்கொள்ளலாம், ஏறினால் பணம் போய்விடும், உங்கள் ஆளுக்குப் போட்டி குறையும். ஆனால் வேண்டாத ஆளின் விலையை ஏற்றிவிடுவதற்காகச் சும்மா கேட்டுப் பார்ப்பதை 16 பேர் அறையில் செய்யாதீர்கள். அந்த வேலையைச் செய்ய இன்னும் 14 பேர் இருக்கிறார்கள், சரக்கு உங்கள் தலையில் விழுந்தால் நஷ்டம் முழுக்க உங்களுடையது.

கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று டாலர்தான் ராஜா. கையில் இடத்துக்கு ஒரு டாலர் மட்டும் வைத்திருப்பவரால் யாரையும் மேலே கேட்க முடியாது, தன் முறை வரும்போது முன்மொழிவதோடு சரி. யாராவது இரண்டு என்று சொல்லிவிட்டால் அவர் வாயடைத்துப் போவார். ஆகவே பெஞ்சுக்கு நான் சொன்ன 19 டாலரை நடுவில் கரைத்துவிடாமல் காப்பாற்றுங்கள். ஐந்து பெஞ்சில் ஒன்று குவாட்டர்பேக், மற்ற நாலும் ரன்னிங் பேக், ரிசீவர் மட்டுமே. அதுவும் வாரம் 6 புள்ளி நிச்சயமாகத் தரும் மூத்த ஆட்டக்காரர் அல்ல, ஒரு கதவு திறந்தால் வாரம் 15 எடுக்கக்கூடியவர். 2024இல் பல லீக்குகளில் முதல் ஆளாகப் போனவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. காயத்தால் அந்த சீசனில் அவர் ஆடியது நாலே ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே அவர் இடத்தில் இறங்கிய ஜோர்டன் மேசன் ஜெட்ஸுக்கு எதிராக 28 தடவை பந்தை எடுத்து 147 யார்டு ஓடினார். 2023இல் ராம்ஸ் அணியில் கூப்பர் கப் காயத்தால் வெளியே இருக்க, என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் எடுத்த முதல் வருஷ ரிசீவர் பூக்கா நக்குவா 105 கேட்ச், 1486 யார்டு என்று சாதனை படைத்தார். அதே அணியின் கைரன் வில்லியம்ஸ் 12 ஆட்டத்தில் 1144 யார்டு ஓடினார். 10 பேர் லீக்கில் இவர்களை முதல் வாரம் முடிந்ததும் வெய்வரில் எடுக்கலாம். 16 பேர் லீக்கில் இப்படிப்பட்டவர் யாராவது ஒருவர் பெஞ்சில் ஏற்கெனவே இருப்பார். வெய்வரில் கிடைக்காது என்பதால் ஏலத்தின் கடைசி அரைமணிதான் உங்கள் வெய்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் களைத்துப்போய் கையில் கிடைத்த பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் பட்டியலோடு விழித்திருங்கள்.

இனி சந்தேகமான விஷயங்கள். ரன்னிங் பேக்கை ஒதுக்கிவிட்டு ரிசீவர்களில் பணத்தைக் கொட்டும் ஸீரோ ஆர்பி முறையை 2013இல் ஷான் சீகல் எழுதியதிலிருந்து அதற்கு ஒரு பெரிய கட்சியே உண்டு. ரன்னிங் பேக்குகள் அதிகம் காயப்படுகிறார்கள், ஆகவே சீசன் நடுவில் புது ஆட்கள் முளைப்பார்கள் என்பது அதன் அடிப்படை. அந்த அடிப்படை சரிதான். ஆனால் முளைக்கும் ஆட்களைப் பிடிக்க வெய்வர் வேண்டும், 16 பேரில் அது வறண்டுபோயிருக்கும். அதனால் உங்கள் லீக்குக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இந்தக் கருத்தில் மாறுபடும் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். எந்த முறை அதிகம் ஜெயிக்கிறது என்று புள்ளிவிவரம் காட்டுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள், அது ஸ்நேக் டிராஃப்டா ஏலமா என்று. பெரும்பாலும் ஸ்நேக்காகத்தான் இருக்கும், அதை ஏலத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. முதலில் வரும் இரண்டு மூன்று ஸ்டார்கள் அறை சூடாவதற்கு முன் மலிவாகப் போவார்கள் என்பதும் பலர் சொல்வது. நானும் சில ஏலங்களில் பார்த்திருக்கிறேன், நேர்மாறாக முதல் ஆளே விலை எகிறிப் போனதையும் பார்த்திருக்கிறேன். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம், வந்தால் எடுத்துக்கொள்ளத் தயாராக இருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், என் கணக்குகள் எல்லாம் புள்ளிக் கணிப்பின் மேல் நிற்பவை. கணிப்பு தப்பானால் விலையும் தப்புதான். தரமான இரண்டு மூன்று கணிப்புகளின் சராசரியை எடுத்துக்கொள்வதைத் தவிர அதற்கு மருந்து இல்லை.

கீப்பர் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கலாம் என்று விதி வந்தால் விலைப் பட்டியலையே மாற்ற வேண்டும். ஆளுக்கு இருவரைத் தக்கவைத்து, அந்த 32 பேருக்கும் சேர்த்து 400 டாலர் கழிந்தது, ஆனால் அவர்களின் உண்மை மதிப்பு 720 என்று வைப்போம். ஏலத்துக்கு மிச்சம் 2800 டாலர், மிச்ச ஆட்களின் மதிப்போ 2480தான். 2800ஐ 2480ஆல் வகுத்தால் 1.13. அதாவது ஏலத்துக்கு வரும் ஒவ்வொருவரும் சராசரியாக 13 சதவீதம் கூடுதல் விலைக்குப் போவார்கள், 50 டாலர் ஆள் 56க்குப் போவது அங்கே நியாய விலை. கீப்பர் பட்டியல் வந்த அன்று இந்த வகுத்தலைப் போட்டு ஷீட்டில் எல்லா விலையையும் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய விலையோடு உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் உங்களுக்கு விலை அதிகமாகத் தெரிவார்கள், இரண்டாவது மணியில் வாங்க ஆள் இருக்காது. இந்த வருஷ ஏலத்துக்கு அது வேண்டாம், மேலே போட்ட ஷீட்டே போதும். உங்கள் லீக்கின் மற்ற புள்ளி விதிகளையும் இங்கே எழுதினால் நடுத்தர ரிசீவர்களுக்கு எவ்வளவு வரை போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.